பதினான்காவது வளைவு

முன்பெல்லாம் அஸ்தம்பட்டி தாண்டுவதற்குள்
இரண்டு வரிசை முடிந்துவிடும்.
இப்போது வரிசைக்கு முந்நூற்று எண்பது கண்ணி.
சால்வை மடியைத் தாண்டி
பக்கத்து சீட்டுக்காரர் முழங்காலிலும் கிடக்கிறது.
மலைக்கு இருபது கொண்டை ஊசி,
எனக்கு இரண்டே ஊசி.

வீட்டில் ஆளுக்கொரு நூலுருண்டை.
இன்னாசியின் மஃப்ளர்
பி.எஃப். பணம் வராத மாதத்தில் இறுகி,
வந்த பிறகு அகலமாகிவிட்டது.
ரோஸ்லின் ஒரு காலுறை முடித்தாள்.
இன்னொரு கால் இருப்பதை
யாரும் அவளுக்கு நினைவுபடுத்தக் கூடாதாம்.

பதினான்காவது வளைவில்
கண்டக்டர் சில்லறை கேட்டார்.
ஒரு சுற்று தவறியது.
துளை விழவேண்டிய இடத்தில்
துணி விழுந்தது.

எட்டு வரிசை போனபின்தான் பார்த்தேன்.
மூவாயிரம் கண்ணி.
விட்டுப்போனதற்குப் பிரிப்பார்கள்,
சரி.
அடைந்துபோனதற்குமா?

ஏற்காட்டில் இறங்கி
ஊசியோடு தோளில் போட்டுப் பார்த்தேன்.
எல்லாத் துளையிலும் பனி நுழைந்தது.
அந்த ஓரிடம் மட்டும்
கொஞ்சம் சூடாக இருந்தது.

இன்னாசியிடம் சொன்னேன்.
நம்பவில்லை.
"நாற்பத்தொன்று" என்றார்,
எண்ணிக்கை விட்டுவிடாமல்.