முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு பொன்சட்டை

காரின் பின்பெட்டியில்,
இரண்டாயிரத்துப் பதினெட்டோடு காலாவதியான முதலுதவிப் பெட்டிக்குள்,
கைக்குட்டை அளவுக்கு மடிந்து கிடந்தது அந்தப் பொன்.
ஒரு பக்கம் தங்கம், மறுபக்கம் வெள்ளி.
விபத்தில் அடிபட்டவரைக் குளிராமல் போர்த்துகிற தாள்.
"அடுத்த கிழமை வாகனப் பரிசோதனை,
அதை வெட்டிப் போடாதை" என்றார் நவரூபன்.
கத்தரிக்கோல் அதற்குள் பாதித் தூரம் போயிருந்தது.

வேரா க்னால் மேடையில் போட்ட சட்டை.
என்னிடம் இருப்பது ஒரேயொரு படம்.
தொண்ணூற்றேழில், வந்த முதற் குளிரில்,
அகதி விடுதியில் யாரோ விட்டுப்போன சஞ்சிகையிலிருந்து
நகத்தால் கீறி எடுத்தது.
அப்போது எனக்கு டொச்சில் தெரிந்தது மூன்று சொல்.
அவள் பாட்டிலும் மூன்று சொல்தான்,
மீதியெல்லாம் கத்தல்.
முழுப் பாட்டும் விளங்கியது.

படத்தில் அவள் மைக்கை விழுங்கப் போகிறாள்.
தோள் இரண்டும் கூரை முகடு.
கழுத்துப்பட்டி காதுவரைக்கும்.
இடது கையில் ஒரு சங்கிலி,
அல்லது அச்சு மையின் கீறல்;
இருபத்தேழு வருடமாக முடிவெடுக்க முடியவில்லை.
சங்கிலி என்றே வைத்துக்கொண்டேன்.
குளியல் தொட்டி அடைப்பானில் இருந்து கழற்றினேன், அளவாக இருந்தது.

தோளுக்குப் பாத்திரம் கழுவும் பஞ்சு, பக்கத்துக்கு நான்கு.
கழுத்துக்கு மேசைவிளக்கின் மூடி, அரைவட்டமாய்.
ஊசி ஓடினால் தாள் கிழிகிறது,
பசை வைத்தால் சுருங்குகிறது.
இரவு ஒன்றரைக்குக் குசினியில் சரசரப்புக் கேட்டு
எலியோ என்று எழும்பி வந்த கிருஷாந்
வாசலில் நின்று பார்த்தான். பதினாலு வயது.
ஒன்றும் பேசாமல் போய்
பொதி ஒட்டும் அகல டேப்பைக் கொண்டுவந்து வைத்தான்.
"ஆனா நான் உங்களோட வரமாட்டன்."

பிறகு முதுகு.

முதுகை நான் யோசிக்கவேயில்லை.
படத்தில் முதுகு இல்லை.
அவள் ஒருநாளும் எனக்குத் திரும்பி நிற்கவில்லை.
இரண்டு தரம் பிழைவிட்டதில் தாளும் முடிந்து போயிருந்தது.
அடியில் கொடுத்தது என் பாண் தொழிற்சாலை மேலங்கி;
பின்பக்கம் அப்படியே வெள்ளையாய் நின்றது,
நாற்பத்தொன்று என்ற என் இலக்கத்தோடு,
தோய்த்தும் போகாத மாவு வாசத்தோடு.
ஓரம் முழுக்க ஊக்கு.
பன்னிரண்டு முழச் சேலையை ஆறு ஊக்கில் அடக்குகிறவள் நான்,
இதற்கு முப்பத்தைந்து போனது.

சனி பின்னேரம், ஓபர்பார்மன் போகும் தொங்குரயில்.
மேலே தண்டவாளம், கீழே வுப்பர் ஆறு,
இடையில் நான், ஆடி ஆடி.
மூச்சு விட்டாலே சத்தம்.
பெட்டி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்தது.
குட்டைத் தலைமயிர்க்காரி ஒருத்தி மட்டும் எழும்பி வந்து
முழங்கையை மெல்லத் தொட்டு,
"விபத்தா? யாரையும் கூப்பிடட்டா?" என்றாள்.

ஓம் என்றுதான் வாயில் வந்தது.
எந்த விபத்து என்று கேட்டால்
எங்கே தொடங்குவது.
"கச்சேரி" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
சுற்றிப் பின்னால் போய் இலக்கத்தை வாசித்தாள்,
திறந்து கிடந்த ஓர் ஊக்கைப் பூட்டிவிட்டு
தன் தரிப்பில் இறங்கிப் போனாள்.

வேரா சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையில் வந்தாள்.
அறுபது தாண்டியிருக்கும். மூக்குக் கண்ணாடி வேறு.
முந்நூறு பேருக்குள் பொன் நான் மட்டும்.
ஒரு கணம் வெட்கம் வந்தது, பொய் ஏன்.
பிறகு அந்த மூன்று சொல்லையும் அவள் கத்தினாள்.

இரண்டாம் பாட்டு முடிந்து
தண்ணீர்ப் போத்தலை எடுக்கத் திரும்பினாள்.
பார்த்தேன்:
ஒரு முதுகு.
கம்பளி கொஞ்சம் மேலேறி, உள்சட்டை ஓரம் தெரிய.
அவ்வளவுதான்.

தாளுக்குள் நான் வேகத் தொடங்கியிருந்தேன்.
வேர்வை முழங்கை வழியாய்ச் சங்கிலிக்கு இறங்குகிறது.
உடற்சூட்டில் பத்தில் ஒன்பது பங்கை
வெளியே விடாது என்று
உறையில் எழுதியிருந்தார்கள்.