துண்டு

ஐயன்கன்குளத்தில் நாலாம் நாள்.
இலக்கத் துண்டு அறுபதோடு தீர்ந்தது.
வாங்கிலிருந்து ஒருவரும் எழும்பவில்லை.

சீனி வருத்தக் குளிசை அட்டைகளைக்
கத்தரிக்கோலால் பாதியாக்குகிறேன்.
'ஒரு மாதம்' என்று நானே எழுதியதை
நானே வெட்டி
'பதினைஞ்சு நாள்'.

தவராணி இடுப்பைத் தொட்டுக் காட்டினா.
"உள்ளுக்கு ஒரு துண்டு கிடக்கு."

தடவினேன்.
தோலுக்குக் கீழே நெல்மணியளவில்
நழுவி ஒளித்தது.

எக்ஸ்ரே எடுக்கக் கிளிநொச்சி.
பஸ் விடியப்புறம் ஒன்று, போய்விட்டது.
என்னிடம் இருப்பது பனடோல்.
எண்ணிப் பத்து கொடுத்தேன்.
முந்தானையில் முடிந்துகொண்டா.

"இப்ப நோகுதா?"

"இப்ப ஏன் நோகுது, டொக்டர்?
நீங்கள் ஆவணி லீவிலதானே வாறனீங்கள்.
அது
கார்த்திகை மழைக்குத்தான் கதைக்கும்."