இருபத்தெட்டு அங்குலம்

பர்கூர் ஜவுளி மார்க்கெட்டில்
நாள் முழுக்கப் புதுத்துணி விரித்துக் காட்டுகிறவன் நான்.
போட்டிருப்பதோ பெல்பாட்டம்.
கீழ்ச்சுற்று இருபத்தெட்டு அங்குலம்.
அளவைச் சொன்னதும்
டெய்லர் அன்வர் பாஷா கண்ணாடியைக் கழற்றினார்:
"திம்மராஜு, இது பேன்ட்டா, ரெண்டு பாவாடையா?"
பாவாடை என்றே பில் போடச் சொன்னேன்.

முதலாளிக்குத்தான் வயிற்றெரிச்சல்.
"கடைக்குள்ளே இருந்துக்கிட்டு
கடைக்கே எதிர்விளம்பரம்" என்பார்.
சரக்குக் கட்டோடு மாடியேறுகையில்
என் காலுக்குள் காற்று வரும்.
அவர் காலுக்குள் வராது.
இதை அவரிடம் சொன்னதில்லை.

சாயங்காலம் கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் இறங்கினால்
முதலில் காலரைப் பார்ப்பார்கள்,
அப்புறம் காலை,
அப்புறம் பக்கத்திலிருப்பவரின் முழங்கையை இடிப்பார்கள்.
ஆடிக்காற்றில்
எனக்கு ஓரடி முன்னாலேயே
என் பேன்ட் நடந்து போகும்.
ஒருநாள் நாயொன்று குழம்பிப்போய்க் குரைத்தது.
அதற்கு மட்டும் நின்று விளக்கம் சொன்னேன்.

போன மாசம்
பாலிடெக்னிக் பையன்கள் நாலு பேர் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.
தாடையை இறுக்கிக்கொண்டேன்.
"அண்ணா, இந்த ஃபிட் எந்தக் கடையில?
பெங்களூர்ல இப்ப இதான் ஓடுது."

ராத்திரி தூக்கமில்லை.
கேலிக்கு இருபத்தோரு வருசமாய்ப்
பதில் சேர்த்து வைத்திருந்தவனிடம்
பாராட்டுக்கு ஒன்றும் இல்லை.
குறுக்கித் தைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது,
வீம்புக்கு.

காலையில் கொடியிலிருந்து எடுத்தேன்,
உதறினேன், போட்டுக்கொண்டேன்.
வரட்டும், கொஞ்ச தூரம் கூட நடக்கட்டும் பையன்கள்.
அடுத்த தீபாவளிக்கு வேறெதற்குள்ளாவது
காலை நுழைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

எனக்கு எட்டரைக்கு பர்கூர் பஸ்.