மேற்படி

ஷார்ஜா, ரோலா, காசுமாற்றும் கடைக்கு மேல்மாடி.
இந்த டைப்பிங் சென்டரில் எனக்குப் பதினோரு வருடம்.
புது விசா, விசா ரத்து,
தொலைந்த பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் கடிதம்.
மக்ரிப் பாங்கு முடிந்து கூட்டம் வடியும்போது
வெர்லீன் டீச்சர் படியேறி வந்தார்.
ஊர் ஜார்ஜியா. இங்கே பள்ளியில் சரித்திரம்.
பென் டிரைவில் ஒரே ஒரு பக்கம்.
"கோணல் எழுத்தை நீ நன்றாகப் படிப்பாயாமே?"

படிப்பேன்.
டாக்டர் சீட்டு, சிமெண்ட் காய்ந்த விரல்களின் கையெழுத்து,
எதுவும் என்னிடம் தப்பியதில்லை.

ஏ-த்ரீ தாளில் சூடாக வெளியே வந்தது
ஆயிரத்து எண்ணூற்று அறுபது.
இடது ஓரம் முதலாளியின் பெயர்,
மை தொட்டுத் தொட்டு, சுழித்து, முழுசாக.
அதற்குக் கீழே யாருக்கும் பெயர் கிடையாது.
34, பெண், கறுப்பு.
9, பெண், பிறகு இரண்டு சின்னக் கோடு.
6, ஆண், இரண்டு சின்னக் கோடு.
கடைசியில் 4/12.
"ஏப்ரல் பன்னிரண்டா, டீச்சர்?"
"தேதியில்லை அது. பன்னிரண்டில் நாலு.
நாலு மாதக் குழந்தை."

அந்த இரண்டு கோட்டை எனக்குத் தெரியும்.
ஒரே கம்பெனிக்கு நாற்பது பேர் வந்தால்
முதல் ஆளுக்கு மட்டும் கொத்தனார் என்று அடிப்பேன்.
அப்புறம் மேற்படி. மேற்படி. மேற்படி.

வலக்கோடியில் ஒரு கட்டம்: குடிசைகள் எத்தனை.
பதினேழு பேருக்கு மூன்று.
மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன்.
சஜ்ஜாவில் என் அறையில் எட்டுப் பேர்.
சொல்லவில்லை. அது வேறு கணக்கு.
எனக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு டிக்கெட் உண்டு,
ஏறினால் யாரும் நாய் விட்டுத் தேடமாட்டார்கள்.

டீச்சர் கேட்க வந்தது ஒரு எண்ணைப் பற்றி.
அடுத்த கணக்கெடுப்பில், எழுபதில்,
முதல்முறையாகப் பெயரோடு நிற்கிறாளாம்
ஹெஸ்டர், வயது பத்தொன்பது,
இவருடைய பாட்டனாரைப் பெற்றவள்.
இந்தப் பக்கத்துப் பெண் ஒன்பது என்றால் அவளேதான்.
நாலு என்றால் யாரோ.

நானூறு சதவீதம் பெரிதாக்கினேன்.
தாளின் தலையில் ஜூலை 19 என்றிருந்தது;
அந்த ஒன்பதின் வால் இடப்பக்கம் வளைகிறது.
இந்த வால் வளையத் தொடங்கி
மை தீர்ந்து நின்றுவிட்டது.
மேலே வட்டம் மூடியும் மூடாமலும்.
அவர் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.
கேட்பவருக்கு வேண்டியதை அடித்துத் தருவதுதான் என் தொழில்.
"ஒன்பது மாதிரி இருக்கிறது" என்றேன்.
கொஞ்சம் பொறுத்து, "நாலாகவும் இருக்கலாம்."
தலையாட்டினார்.
ஏற்கெனவே பலபேர் சொல்லிவிட்டார்கள் போல.

"உன் முப்பாட்டன் பெயர் என்ன?"

இங்கே எல்லோருக்கும் நான் மிஸ்டர் சுடலைமுத்து.
அது அப்பா.
பாஸ்போர்ட் என்னைப் பின்னால் தள்ளி
அவரை முன்னால் நிறுத்தியிருக்கிறது.
அவருக்கு முன்னால் ஒரு எழுத்தும் ஒரு புள்ளியும்: வெ.
தாத்தா.
வெள்ளைச்சாமியா, வெயிலுமுத்தா?
அப்பா இருந்தவரை கேட்கத் தோன்றவில்லை.
முப்பாட்டனுக்கு அந்தப் புள்ளிகூட இல்லை.

ஏ-த்ரீக்கு மூன்று திர்ஹாம். வாங்கிக்கொண்டேன்.
சரியாக விழாத ஒரு பிரதி மெஷினிலேயே கிடந்தது.
அறைக்குக் கொண்டுபோய்க் கட்டிலில் விரித்தேன்.
மேல்கட்டில் பீகார்க்காரர் எட்டிப் பார்த்து
நிலப் பத்திரமா என்றார்.
4/12க்குக் கீழே கோடுகூட இல்லை,
பக்கம் அங்கேயே முடிகிறது.
எழுபதில் அதற்குப் பத்து வயது ஆகியிருக்கும்.
அதைப் பற்றி டீச்சர் ஒன்றும் கேட்கவில்லை,
நானும் மறந்துவிட்டேன்.

ஊரில் மணி பதினொன்று. அத்தைக்குப் போன் போட்டேன்.
"அத்தை, அப்பாவுக்கு இனிஷியல் வெ.
வெ-ன்னா என்ன?"
அந்தப் பக்கம் மின்விசிறி சத்தம், இருமல்,
யாரையோ எழுப்பும் சத்தம்.
பிறகு அத்தை கேட்டாள்:
"எதுக்குல கேக்க?
வீட்ட விக்கப் போறியா?"