ஆறு டிக்கெட்

செவ்வாய்க்கிழமை மேட்னி.
குன்னூரில் ஆனி மழைக்கு ஒன்பதாவது நாள்.
ஆறு பேராவது வந்தால்தான் படம் என்றார் கவுன்டர்காரர்.
இருந்தது நானும்
பின்னால் குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒருவரும்.

"அஞ்சு குடுங்க" என்றார் அவர்.
மீதி நாலு பேர் எங்கே என்று
யாரும் கேட்கவில்லை.

படம் ஒரு லிஃப்ட்காரனைப் பற்றியது.
எந்த மாடிக்கும் போக வேண்டாத ஒருத்தி
தினமும் ஏறி, ஒரு சுற்று சுற்றி,
ஏறின இடத்திலேயே இறங்கிப்போகிறாள்.
அவன் எதுவும் கேட்பதில்லை.
பாட்டு இல்லை, சண்டை இல்லை,
அதனால்தான் கூட்டமும் இல்லை.

எனக்கு அவளைத் தெரியும்.
எக்ஸ்ரே அறையில் பதினோரு வருஷமாக
இந்த ஊரோடு நான் பேசுவது இரண்டே வாக்கியம்:
மூச்சை அடக்குங்க.
விடுங்க.
வீட்டுக்குத் திரும்பினால் அதற்கும் ஆளில்லை.

இடைவேளையில் வர்க்கிப் பொட்டலத்தை நீட்டினார்.
அந்த இடது தோளின் சரிவு.
முகம் ஞாபகமில்லை,
எலும்பு ஞாபகமிருந்தது.
"காரை எலும்பு சேர்ந்திருச்சா?"
உதட்டில் வர்க்கித் தூளோடு விழித்தார்.
"போன ஐப்பசி. கம்பத்துலேர்ந்து விழுந்து வந்தீங்க. போஜன்."

இரண்டாம் பாதியில்
நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே
லிஃப்ட் நின்றது.
முதல்முறையாக அவள் வாயைத் திறந்தாள்.
கரண்ட் போனது.

கதையில்தான் போனது என்று
கொஞ்ச நேரம் நம்பினோம்.

ஜெனரேட்டர் டீசலுக்கு ஆறு டிக்கெட் காணாது.
அவர் செல்போன் அடித்தது:
வண்டிச்சோலையில் லைன்மேல் கற்பூரமரம்.
"நான்தாங்க போகணும்" என்றார்,
மரத்தைத் தானே தள்ளிவிட்டவர் மாதிரி.
"அந்தப் பொண்ணு என்ன சொல்லுதுன்னு
கேட்டு வைங்க."

ஐந்து காலி இருக்கைகளோடு
ஒன்றே முக்கால் மணி நேரம்.
தகரத்தில் மழை.
திரை வெளுத்தபோது
எங்கோ ஒரு கம்பத்தில்
நனைந்த கையுறையோடு அவர் இருப்பது தெரிந்தது.
எழுந்து வந்துவிட்டேன்.
அவள் சொல்வதைத்
தனியாகக் கேட்க மனமில்லை.

வெள்ளிக்கிழமை எக்ஸ்ரே வாசலில் நின்றார்.
கையில் டாக்டர் சீட்டு இல்லை.
"எங்க வலி?"
"வலியெல்லாம் இல்ல.
அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?"

பழக்கதோஷம்.
"மூச்சை அடக்குங்க" என்றேன்.
அடக்கினார்.

அடுத்த வாக்கியத்துக்கு
நான் அவசரப்படவில்லை.