மாப்போ

கஸ்தூரியார் வீதியில் புதிதாய் ஒரு சீனக் கடை.
விலைப்பட்டியலைத் தமிழாக்கும் வேலை
எங்கள் அச்சகத்துக்கு வந்தது.
பக்கத்துக்கு நானூறு ரூபா,
எழுத்துப்பிழை இலவசம் என்று முதலாளி பகிடி விட்டார்.

இருபத்தேழாம் இலக்கத்தில் நின்றுவிட்டேன்.
மாப்போ தோஃபு.
மாவில் செய்வதா?
அவித்த மாவா, வறுத்த மாவா?
சமையற்காரர் நிமலரூபனுக்கு ஃபோன் எடுத்தேன்.
பாரிசில் பதினொரு வருசம்
சீனக் குசினியில் கோப்பை கழுவி, பிறகு சட்டி பிடித்து,
விசா இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்.

"மா இல்லைத் தங்கச்சி.
அது ஒரு மனிசி.
செங்டு எண்டொரு ஊர், பாலத்தடியிலை சாப்பாட்டுக்கடை.
எண்ணெய் காவிற ஆக்கள் வந்து
அடியிலை மிஞ்சினதை ஊத்திக் குடுப்பினமாம்.
அதிலை சோயாக்கட்டியும் கொத்தின இறைச்சியும் போட்டு
நாக்கு விறைக்கச் சமைப்பாவாம்.
முகமெல்லாம் அம்மாள் தழும்பு.
மா எண்டால் தழும்பு, போ எண்டால் கிழவி.
அவ்வளவுதான்."

"அவவின்ரை பேர்?"

அந்தப் பக்கம் அடுப்பு இரைந்தது.
"புருசன்ரை குடும்பப் பேர் சென் எண்டு சொல்லுவினம்.
அவவின்ரை தெரியாது."

அவர் என்னைக் கண்டதில்லை.
தொண்ணூற்றைந்தில்
சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை,
ஏழு பேருக்குக் கொப்புளிப்பான்.
வேப்பிலை இருந்தது. தண்ணீர் இல்லை.
நான் சொறிந்தேன்.
பிறகு ஒன்பதாம் வகுப்பு முழுக்க
என் பேர் அரிதட்டு.
சுகந்தமலர் இடாப்பில் மட்டும் இருந்தாள்.

அம்மாள் தழும்புக் கிழவியின் சோயாக்கட்டி
என்று தட்டினேன்.
ஆர் காசு குடுத்துத் தின்னுவினம்? அழித்தேன்.
பாலத்தடி உறைப்புச் சோயா.
நல்லாய் விற்கும்,
ஆனால் அதில் அவள் இல்லை. அழித்தேன்.
மூன்றாவதாய் அவளுக்கு நானே ஒரு பேர் வைத்தேன்.
அதைச் சொல்லமாட்டேன்.
அதையும் அழித்தேன்.

கடைசியில் மாப்போ என்றே விட்டேன்.
ஆயிரத்து நானூறு ரூபா,
பக்கத்தில் மூன்று மிளகாய்ப் படம்.

கடை திறந்து பத்தாம் நாள் போனேன்.
ஃபானுக்குக் கீழே மேசை கிடைத்தது.
முதுகுக்குப் பின்னால் ஒரு பெடியன்
வாய் நிறையச் சோறோடு கத்தினான்:
"அண்ணை, இன்னொரு மாப்போ!"

திரும்பிப் பார்த்தேன்.
கூப்பிட்டது என்னை இல்லை என்று விளங்க
கொஞ்ச நேரம் எடுத்தது.