கணக்கில் ஒரு பொன்னாடை

நீரோடி மணலில் மேடை.
கிளப்புக்கு ஐம்பது வயது,
மைக் அதைவிடப் பழசு.

முதலில் ததேயூஸ், ஏழாம் எண்.
பொழியூர்க்காரர்கள் வலையை இடதுகாலால் கிழித்தவர்.
அதே காலில் இப்போது சர்க்கரைப் புண்;
மருமகன் தோளைப் பிடித்து ஏறினார்.
மருமகன் பொழியூர்.

கோல்கீப்பர் பனியடிமை.
சுறாத் தூண்டில் அறுத்ததுபோக ஒன்பது விரல்.
விட்டது ஒரே ஒரு பெனால்டி,
எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள்.

பிரிஜித்தம்மாள் முப்பது வருடம் ஜெர்சி துவைத்தவர்.
"ஏழாம் எண்ணில் மண்ணே இருக்காது,
அப்படியே மடிச்சு வைக்கலாம்" என்றார் மைக்கில்.
ததேயூஸ்தான் முதலில் சிரித்தார்.

கடைசியாக எரோணிமூஸ்.
ஒருநாளும் ஆடியதில்லை.
கடலுக்குப் போகும் பந்தை
நீந்திப்போய் எடுத்து வருவார், அவ்வளவுதான்.
புதுப்பந்து வாங்கக் காசில்லாத வருடங்களில்
எங்கள் கிளப் என்பது
அவருடைய இரண்டு கை.

போர்த்திவிட்டு
இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றேன்.
வாயைத் திறந்தார்.
பின்னால் பையன்கள் அடித்த பந்து
அலையைத் தாண்டியது.

பேசவில்லை. இறங்கிவிட்டார்.

பந்து வந்தது.
பொன்னாடை இன்னும் வரவில்லை.
செயலாளன் நான், கணக்கில் எழுத வேண்டும்:
நூற்று எண்பது ரூபாய், கடல்.